சென்னையிலிருந்து முழு ஸ்கிரிப்டைக் கேட்கிறார்கள், அனுப்பலாமா?

உப்புவெளிப் பொடியன்:
திருகோணமலை, திருக்கடலூர்க் கரைவலைத் தொழிலாளர்களை வைத்து ஒரு முழுநீளப் படம் எழுதி முடித்திருக்கிறேன், 110 பக்கம். முகநூலில் பழக்கமான இணை இயக்குநர் ஒருவர், "பிடிஎஃப் அனுப்புங்க, தயாரிப்பாளர் படிக்கணும்" என்கிறார். ஆளை நேரில் பார்த்ததில்லை. துறையில் இருந்தவர்கள் சொல்லுங்கோ.

பாலையூற்றான்:
தம்பி, சென்னை சாலிக்கிராமத்தில் கதை விவாதத்தில் உட்கார்ந்தும் பேர் இல்லாமல் வசனம் எழுதியும் காலம் தள்ளியவன் நான். "தயாரிப்பாளர் படிக்கணும்" என்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அங்கே படிக்கிறவர்கள் குறைவு, கதையைக் கேட்பதுதான் வழக்கம். இயக்குநர் ஹீரோவுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் கதை சொல்வார், பின்னணி இசையையும் வாயாலேயே போடுவார். இன்டர்வெல் எங்கே விழுகிறது என்று கேட்பார்கள். ஹீரோ தேதி கொடுத்தால்தான் பைனான்ஸ் அசையும். அதனால் இப்போதைக்கு ஒன்லைன், அதாவது கதைக் கருவை ஓரிரு வரியில் சொல்வது, போதும்.

விவாதம் என்று கூப்பிட்டால் இன்னும் கவனம். ஒரு அறை, நாலைந்து பேர், டீ, தினப் பேட்டா (கைச்செலவுக் காசு). நீங்கள் ஒரு சீன் சொல்வீர்கள், இன்னொருவர் அதைத் திருப்பிப் போடுவார், உதவி இயக்குநர் நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு அது யாருடையது என்று கேட்க முடியாது. தகப்பனின் வள்ளத்தை மகன் விலை பேசுகிற சீன் ஒன்று சொன்னேன். தகப்பன் வாயே திறக்க மாட்டார், இஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருப்பார். தியேட்டரில் அதே சீன், வள்ளத்துக்குப் பதில் லாரி. டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் ஒரே பேர்.

காசு? கையெழுத்துப் போடும்போது அட்வான்ஸ் வாங்குங்கள். "ரிலீஸுக்குப் பிறகு" என்று எழுதிய தவணை வராது, அதை ஷூட்டிங் தொடங்கும் நாளுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளிச் சட்டத்தரணி:
பாலையூற்று அண்ணா சொல்வதில் ஒரு சிக்கல். வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். நம் இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை. ஒன்லைனை மட்டும் கொடுத்தால் கையில் பிடிக்க ஒன்றுமில்லை. காட்சிகளோடு ஏழெட்டுப் பக்கச் சுருக்கம் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். திகதி அதில் நிற்கும்.

பாலையூற்றான்:
அதுவும் சரிதான் தங்கச்சி, சுருக்கமே அனுப்பட்டும். பழைய திகதிக்கு மதிப்பு உண்டு. 2018இல் சர்க்கார் படம் வரும்போது வருண் ராஜேந்திரன் என்பவர் தன் கதை என்று வழக்குப் போட்டார். திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் அவர் 2007இலேயே பதிந்து வைத்திருந்தார். சமரசத்தில் படத்தில் அவர் பேரைப் போட்டார்கள்.

தம்பி, உங்கள் கதையில் டொக்யார்டுக்குள்ளே சீன் இருக்கிறதா? கடற்படை இடம், அனுமதிக்கு அலைய வேண்டிவரும் என்று தெரிந்தாலே தயாரிப்பாளர் பின்வாங்குவார்.

உப்புவெளிப் பொடியன்:
கிளைமாக்ஸே அங்கேதான் அண்ணா. டச்சுக்குடாவுக்கு மாற்றிப் பார்க்கிறேன்.