சோலார் பயிற்சி முடிந்தும் சான்றிதழ் இல்லை

திருச்சி பக்கம் ஒரு தனியார் மையம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் கீழ் நடக்கும் சோலார் பிவி இன்ஸ்டாலர் (சூர்யமித்ரா) பாடம், அதாவது சோலார் பேனல் பொருத்தும் பயிற்சி; பாடக் குறியீடு எஸ்ஜிஜே/க்யூ0101. பேட்சில் 28 பேர். மார்ச் கடைசியில் மதிப்பீடு முடிந்தது. ஐந்து மாதமாகச் சான்றிதழ் வரவில்லை.

ஆதாரில் இனிஷியல் பின்னால், பதிவில் முன்னால் என்று 9 பேருக்குப் பெயர் பொருந்தவில்லை. அது வழக்கமான தலைவலிதான், திருத்தியாயிற்று. மீதி 19 பேருக்கு எல்லாமே சரி, பயோமெட்ரிக் வருகை உட்பட. ஆனாலும் ஸ்கில் இந்தியா தளத்தில் யாருக்கும் மதிப்பெண் ஏறவில்லை. மையத்தைக் கேட்டால் மதிப்பீட்டு நிறுவனத்தைக் கைகாட்டுகிறார்கள்; அங்கே கேட்டால் மையத்தை. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் பேட்ச் எண்ணோடு மனு கொடுத்து, முதல்வர் உதவி மைய எண் 1100-இலும் புகார் பதிந்தாயிற்று. சான்றிதழ் கேட்கும் கூரை சோலார் வேலைகள் கைநழுவுகின்றன.

மதிப்பெண் பதிவேற்றத்தை நேரடியாகக் கண்காணிப்பது கழகத்தில் எந்தப் பிரிவு?