கவுண்டரை விட்டுத் துறைக் கூட்டங்களுக்குப் போவது நூலகப் பணியாளரின் வேலைதானா?

நூலடுக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. டெல்டா பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 6 வருடமாக நூலக உதவியாளராக இருக்கிறேன். நூலகர் மேடம், நான், அட்டெண்டர் அண்ணன் என்று மொத்தமே மூன்று பேர். ரொம்ப நாளாக மனதில் ஓடும் விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியில் நூலகத்தைப் பற்றிப் பேச மேடம் போக முடியாமல் என்னை அனுப்பினார்கள். பேசிவிட்டு இறங்கும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்து, "அக்கா, லைப்ரரிக்குள்ள வரணும்னா பணம் கட்டணுமா?" என்று கேட்டாள். ஐ.டி. கார்டு மட்டும் போதும் என்றேன். சேர்ந்ததிலிருந்து தினமும் கண்ணாடிக் கதவு வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. உள்ளே வந்தவர்கள்தானே கவுண்டரில் வந்து கேட்பார்கள்? கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவளின் கேள்வி, நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் என் காதுக்கு வந்தே இருக்காது.

அன்றிலிருந்து தமிழ் மன்றம், கணிதத் துறைக் கருத்தரங்கு, பொது வாய்மொழித் தேர்வு என்று முடிந்தவரை போய்க்கொண்டிருக்கிறேன். தலைப்புக்குப் பொருந்தும் புத்தகங்களை ஒரு கட்டைப் பையில் எடுத்துக்கொள்வேன். நாட்டார் வழக்காற்றியல் கருத்தரங்கன்று அரங்க வாசலில் ஒரு பெஞ்சில் 15 புத்தகங்களைப் பரப்பி வைத்தேன். அதில் ஒன்றில் தேதிச் சீட்டின் கடைசி முத்திரை 2016. இரண்டாமாண்டுப் பையன் ஒருவன் அதைப் பிரித்தவன் நின்ற இடத்திலேயே படித்துக்கொண்டிருந்தான், கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அக்சஷன் எண்ணை (புத்தகத்தின் பதிவு எண்) நோட்டில் குறித்துக்கொண்டு அங்கேயே கொடுத்தனுப்பினேன், நூலகத்துக்கு வந்ததும் கணினியில் ஏற்றிவிட்டேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஆசிரியரல்லாத பணியாளருக்கு இதற்கெல்லாம் ஓ.டி. (வெளியே போனாலும் பணியில் இருப்பதாகக் கணக்கு) கிடையாது, பெர்மிஷன் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறது அலுவலகம். மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன்தான், அது வீட்டுக் காரியத்துக்கே போதவில்லை. போன வாரம் ஒரு துறைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, "லைப்ரரி ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இது நம் வேலைதானா? உங்கள் கல்லூரியில் எப்படி நடக்கிறது?

பழைய ரேக் எழுதியது:

அரசுக் கல்லூரி நூலகராக 19 வருடம் ஆகிறது. நம் வேலைதான், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். எழுந்து வந்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் ஓ.டி. பேச்சை விடுங்கள். வளாகத்துக்குள்ளேயே பக்கத்துக் கட்டடத்துக்குப் போவதற்கு ஓ.டி. எதற்கு? ஒரு மூவ்மெண்ட் ரெஜிஸ்டர் போடுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எந்தத் துறை, எத்தனை பேரிடம் பேசினேன், என்ன கேட்டார்கள், எத்தனை புத்தகம் போனது. மேடத்திடம் கையெழுத்து வாங்கி மாதக் கடைசியில் முதல்வர் பார்வைக்கு வையுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு நூலகப் பயன்பாட்டையும் கேட்கும். அந்த நேரத்தில் கல்லூரியே உங்கள் ரெஜிஸ்டரைத் தேடி வரும்.

என் அனுபவம் ஒன்று. 2025 ஜனவரியில் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தொடங்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நான் சுற்றறிக்கை அனுப்பினேன், அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவரும் வரவில்லை. அப்புறம் இயற்பியல் துறைத் தலைவரிடம் போய் ஆய்வாளர் கூட்டத்தில் 10 நிமிடம் கேட்டு வாங்கினேன். திட்டத்தைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. முன்வரிசையில் இருந்த ஆய்வு மாணவியிடம் உன் தலைப்பு என்னம்மா என்று கேட்டு, அதையே திரையில் தேடினேன். அவர் மாதக்கணக்காக வெளியூர் நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருந்த கட்டுரை முழுதாகத் திறந்தது. கூட்டம் முடிந்ததும் ஏழு பேர் என்னோடு நூலகத்துக்கு நடந்து வந்தார்கள். சுற்றறிக்கை மூன்று மாதத்தில் செய்யாததை அந்த 10 நிமிடம் செய்தது.

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

நான் மாணவன், நூலகப் பணியாளர் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு மதியம் கல்லூரிக்கு வருகிறேன். எனக்குக் கிடைப்பது வகுப்புக்கு முந்தைய 40 நிமிடம் மட்டும்தான். போன செமஸ்டரில் இரண்டு தடவை எங்கள் நூலகக் கவுண்டரில் ஆளே இல்லை, செமினார் ஹாலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். ரெஃபரன்ஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகலெடுக்க அனுமதி சொல்ல ஆள் இல்லாமல் நின்று, அப்படியே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மறுநாள் இன்டர்னல்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. எங்கள் மாதிரி ஆட்கள் வரும் நேரத்தில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேடி வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு வராதவர்களைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாக்பீஸ் எழுதியது:

தம்பி சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் வணிகவியல் துறையில் இருக்கிறேன், ஆசிரியர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எல்லா நிகழ்ச்சிக்கும் போகாதீர்கள் அம்மா. மன்றத் தொடக்க விழாவில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை முடியவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், அங்கே உங்களுக்குக் கிடைப்பது குறைவு. எட்டுப் பத்துப் பேர் மட்டும் உட்காரும் கூட்டங்களுக்கு வாருங்கள், அதிலும் பாடத்திட்டக் கூட்டம் முக்கியம். நாங்கள் வரித் தாளுக்கான பாடநூலை மாற்றினோம். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலையில். அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு மறைமுக வரி படிப்பதில் பயனே இல்லை, பழைய சட்டங்களில் பலதும் அதற்குள் கரைந்துவிட்டன. ஆனால் நாங்கள் மாற்றியதை நூலகத்துக்குச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருடம் நூலகத்துக்கு வந்தது பழைய பதிப்பில் 20 பிரதிகள். பணமும் போனது, பிள்ளைகள் பழைய விதியை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினார்கள். அந்த அறையில் நூலகத்திலிருந்து ஒருவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. தப்பு எங்களுடையது.

இப்போது எங்கள் துறையின் கூட்ட அழைப்பிலேயே நூலகத்தையும் சேர்த்துவிடுகிறோம். அழைப்பில் பெயர் இருந்தால் உங்களுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்க முடியாது. உங்கள் மேடத்தை விட்டு ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

பழைய ரேக் எழுதியது:

மாணவத் தம்பிக்கு: நீங்கள் சொன்னது நியாயம். எங்கள் நூலகத்தில் 12 மணியிலிருந்து 2 மணி வரை யாரும் வெளியே போவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

சாக்பீஸ் ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன்தான் நினைவுக்கு வந்தார். ஆகஸ்ட் 12, நூலகர் தினம் வந்தால் அவர் படத்துக்கு மாலை போட்டுவிடுகிறோம், அவர் எப்படி வேலை செய்தார் என்பதை விட்டுவிடுகிறோம். சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆள் நடமாட்டமே இல்லாத நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பழைய வேலையே கொடுங்கள் என்று திரும்பிக் கேட்டுப் போனவர் அவர். அப்புறம் லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கேயும் ஊர் ஊராகப் போய் நூலகங்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். நாம் பாடமாகப் படித்த நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் முதலில் பொதுவில் சொன்னது 1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில், முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஆசிரியர்கள். புத்தகமாக வந்தது 1931-இல்தான். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நூலடுக்கு, நீங்கள் கட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போவதும் அதே காரியம்தான், அதுவும் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே.

நூலடுக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இந்தப் பதில்களை மேடத்திடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, மாணவத் தம்பி எழுதியதை மட்டும் இன்னொரு தடவை படித்தார்கள். எங்கள் கல்லூரியில் கவுண்டர் காலியாகக் கிடந்ததில்லை. ஆனால் நான் போகும் நேரத்தில் அட்டெண்டர் அண்ணன் தனியாக மாட்டிக்கொள்கிறார், அவருக்குக் கோஹா என்ற நூலக மென்பொருளில் இஷ்யூ போடத் தெரியாது. அதனால் இந்த வாரம் முழுக்க அவருக்குச் சொல்லித் தருகிறேன். புத்தகம் எடுக்கவும் திருப்பவும் இரண்டே நாளில் வந்துவிட்டது, ரினீவல்தான் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறார்.

துறைத் தலைவர்களுக்கான கடிதத்தை மேடம் இன்று காலையே தட்டச்சு செய்துவிட்டார்கள். 14 துறை. ரெஜிஸ்டருக்கு 200 பக்க நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டாயிற்று. வியாழக்கிழமை 11 மணிக்கு, நான் எழுந்து வந்தேனே, அதே துறையில் ஆய்வாளர் கூட்டம். மேடமும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். 12 மணிக்குள் திரும்பிவிடுவோம்.