பூச்சிச் சீட்டும் பெரியப்பாவும்

*குழு: நம்ம குடும்பம்*

சிட்னி அத்தை: இன்று முழுக்க அருங்காட்சியகத்தில் இருந்தேன். இப்போதுதான் ஃபோனைப் பார்க்கிறேன்.

கார்த்தி: ரிட்டயர் ஆன பிறகும் வேலையா அத்தை? சம்பளம் எவ்வளவு?

சிட்னி அத்தை: ஒரு டாலர் கிடையாது. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2011-ல் தொடங்கிய டிஜிவோல் திட்டம். தன்னார்வலர்கள் சேர்ந்து பூச்சிகளைப் படம் எடுக்கிறோம். குண்டூசியில் பூச்சிக்குக் கீழே நகம் அளவுக்குச் சீட்டுகள் கோத்திருக்கும். கழற்றி, படம் எடுத்து, அதே வரிசையில் திரும்பக் கோக்க வேண்டும். காலோ மீசையோ உடைந்தால் போச்சு.

பெரியப்பா: செத்த பூச்சிக்கு இவ்வளவு மரியாதையா!

சிட்னி அத்தை: மரியாதை சீட்டுக்கு அண்ணா. எந்த ஊரில், என்றைக்கு, யார் பிடித்தது என்பது அதில்தான் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பூச்சி எங்கெல்லாம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி ஏது?

நிவேதா: ஏஐயிடம் கொடுத்தால் படித்துவிடாதா?

சிட்னி அத்தை: அச்சு எழுத்தென்றால் படிக்கும். மங்கிய கையெழுத்து வந்தால் தானாக ஓர் ஊர்ப் பெயரைப் போட்டுவிடுகிறது. பார்க்கச் சரியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

கார்த்தி: சரி, ஆனால் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை ஓசியில் முடித்துக்கொள்கிறார்களே?

சிட்னி அத்தை: நியாயமான கேள்விதான்டா. நாங்கள் பதிவு செய்வதெல்லாம் அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா என்ற, அந்த நாட்டு உயிரினங்களைப் பற்றிய இணையதளத்துக்குப் போகிறது, யாரும் இலவசமாக எடுக்கலாம். அதைக் காசுக்கு விற்றால் நான் போக மாட்டேன். அப்புறம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 8 கோடி மாதிரிகள். எத்தனை பேரைத்தான் வேலைக்கு வைப்பார்கள்?

கார்த்தி: கொஞ்சம் பேரையாவது வைக்கலாம் 😀

பெரியம்மா: நம்ம ஊர்ச் செடி, பூச்சி எல்லாம் அங்கே இருக்குமா?

சிட்னி அத்தை: இங்கே தெரியவில்லை அண்ணி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற டாக்டர் மதராஸ் மாகாணத்தில் சேகரித்த செடிகள் எடின்பரோவிலும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலும் இருக்கின்றன. காகிதத்தில் ஒட்டிய காய்ந்த செடிகள், இணையத்திலேயே படம் பார்க்கலாம்.

சிட்னி அத்தை: அண்ணா, நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் பழைய பத்திரம் எல்லாம் படித்தவர்தானே? டிஜிவோலில் சீட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்வதை வீட்டிலிருந்தே செய்யலாம். இன்னொருவர் சரிபார்ப்பார், பயம் வேண்டாம்.

பெரியப்பா: என்னை யார் சரிபார்ப்பது?

நிவேதா: 😂😂

பெரியப்பா: கார்த்தி, ஞாயிற்றுக்கிழமை வந்து கணக்கு திறந்து கொடு.

சிட்னி அத்தை: ஒன்று மட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது, இருக்கிறபடியே அடிக்க வேண்டும்.

பெரியப்பா: முப்பது வருஷம் பத்திரம் நகல் எடுத்தவனுக்கு நீ இதைச் சொல்லித் தருகிறாயா?