கிராத்தனில் சீஸ் இல்லை என்றால் ஏமாற்று வேலையா? (குன்னூர் மணிவிழா விருந்து)

குன்னூர் மலைவாசி:
நேற்று நம் குழுவில் பீளமேட்டுக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அப்பாவின் மணிவிழாவுக்குக் குடும்பத்தோடு குன்னூர் வந்திருக்கிறார், பிரெஞ்சு பாணி உணவகம் ஒன்றில் மதிய விருந்து. உருளைக்கிழங்கு கிராத்தனில் (ஓவனில் வைத்து மேலே பொன்னிறமாகச் சுட்டெடுக்கும் பண்டம்) சீஸே போடவில்லையாம். “பிரெஞ்சு என்று பெயர் வைத்து மலையேறி வருகிறவர்களை மொட்டை அடிக்கிறார்கள்” என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மெனு அட்டையை அவரே படம் எடுத்துப் போட்டிருக்கிறார், அதில் தெளிவாக இருக்கிறது: கிராத்தன் தோஃபினுவா. தோஃபினுவாவில் சீஸ் கிடையாது. பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலையோரம் இருக்கும் தோஃபினே பகுதியின் பண்டம் அது. மெல்லிசாகச் சீவிய கிழங்கு, பால், கிரீம், பூண்டு, உப்பு, ஒரு துளி ஜாதிக்காய், அவ்வளவுதான். 1788 ஜூலை 12ஆம் தேதி காப் நகர அதிகாரிகளுக்குக் கிளெர்மோன்-தொன்னேர் பிரபு கொடுத்த விருந்தில் இதைப் பரிமாறியதாகப் பதிவே இருக்கிறது. சீஸ் வேண்டும் என்றால் பக்கத்துச் சவாய் பகுதியின் கிராத்தனைக் கேட்டிருக்க வேண்டும். தெரியாமல் ஒரு சமையல்காரரின் பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

பீளமேட்டுக்காரன்:
அண்ணா, வணக்கம். நான் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தது சீஸுக்காக மட்டும் இல்லை, முழுசாகப் படிச்சீங்களா? சரி, சீஸுக்கே வருகிறேன். கோவையில், பெங்களூரில், நான் சாப்பிட்ட எல்லா இடத்திலும் கிராத்தன் மேல் சீஸ் உருகி நூல் நூலாக வரும். இங்கே வந்தது பாலில் வெந்த உருளைக்கிழங்கு. எங்கப்பா ஒரு வாய் வைத்துவிட்டு “இதுக்காடா இவ்வளவு தூரம்?” என்று கேட்டார். அறுபது வயசு நிறைகிற நாளில் அந்த மனுஷன் முகம் சுருங்கியதைப் பார்த்தவன் நான். 1788இல் யார் யாருக்கு விருந்து வைத்தார்கள் என்பது எனக்கு எதுக்குங்க?

புதுவை வெள்ளைத்தெரு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் புதுச்சேரிக்காரன் சும்மா இருக்க முடியாது. எஸ்கோஃபியேவின் பெயர் மலைவாசி ஐயா கேள்விப்பட்டிருப்பார் என்று நம்புகிறேன். 1903இல் அவர் வெளியிட்ட பெரிய சமையல் நூலில் தோஃபினுவா முறையிலான உருளைக்கிழங்கு கிராத்தனுக்கு முட்டையும் உண்டு, துருவிய க்ரூயேர் சீஸும் உண்டு. பிரெஞ்சுச் சமையலுக்கே சட்டம் எழுதிய மனிதர் போட்ட சீஸைக் குன்னூரிலிருந்து எடுத்துவிட முடியுமா?

குன்னூர் மலைவாசி:
எஸ்கோஃபியே நீஸ் நகரத்துப் பக்கம் பிறந்தவர், லண்டனிலும் பாரிஸிலும் பெரிய ஓட்டல்களில் சமைத்தவர். தோஃபினே மலைக்காரர் அல்ல. ஓட்டல் மேசைக்காக அவர் முட்டையும் சீஸும் சேர்த்தார். அதனால் மலைக்காரர்களின் பண்டம் மாறிவிடுமா? தோஃபினுவாவில் சீஸ் கிடையாது. கிழங்கைச் சீவிய பிறகு தண்ணீரில் அலசக் கூடாது. அதன் மாவுச்சத்துதான் பாலையும் கிரீமையும் கெட்டியாக்குகிறது, மேலே பொன்னிறமாக ஏடு கட்டுவதும் அந்தக் கிரீம்தான். சீஸ் போட்டால் இந்த வேலை எதுவும் வேண்டாம், அரைகுறையாக வெந்ததைக்கூட மறைத்துவிடலாம். நான் ஓட்டல் சமையலறையில் வியர்வை சிந்தியவன், புத்தகத்தைப் புரட்டிப் பேசவில்லை. இன்னொன்று, 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே ஒரு மணி நேரத்தில் வேகிற கிழங்கு இங்கே கூடுதல் நேரம் கேட்கும். அவ்வளவு நேரம் பொறுமையாக ஓவனில் வைத்துக் கொடுத்ததைத்தான் இவர் “பாலில் வெந்தது” என்கிறார்.

முத்தோரை விவசாயி:
சீஸ் சீஸ் என்று அடித்துக்கொள்கிறீர்களே, கிழங்கு எங்கேயிருந்து வந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? எங்கள் பக்கம் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957லிருந்து இருக்கிறது. நூற்புழு வந்து நிலமெல்லாம் பாழானதை எங்கள் பெரியவர்கள் பார்த்தார்கள், அதைத் தாங்குகிற ரகம் என்று குஃப்ரி ஸ்வர்ணா வந்தது, ஜோதியும் போட்டோம். எங்கள் மண்ணில் விளைந்த கிழங்கு வெந்தாலும் கரையாது. ஆனால் குன்னூர் ஓட்டல்களில் பாதிப் பேர் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து குஜராத் கிழங்கையும் கோலார் கிழங்கையும் மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மலைக்கே வெளியூர்க் கிழங்கு! அதைப் பற்றி எழுதுங்கள்.

பீளமேட்டுக்காரன்:
முத்தோரை அண்ணா சொல்வது சரியாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் சீஸ் இல்லை. 480 ரூபாய்க்கு ஒரு கிண்ணம், சீஸ் இல்லை. எஸ்கோஃபியே போட்டிருக்கிறார், இவர்கள் போடவில்லை. புதுவைக்காரரே சொல்லிவிட்டார்.

கோத்தகிரி அக்கா:
தம்பி, உங்கள் அம்மா சுத்த சைவம் என்று நீங்களே முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அசல் க்ரூயேர் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட்டை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அதைத் துருவிப் போட்டிருந்தால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? வெங்காய சூப்பும் குடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதைப் பழைய முறையில் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வார்கள், கேட்டீர்களா? அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. மணிவிழா என்றால் பெரியவர்களுக்கு இலை போட்டு, பாயசம் வைத்து, நாலு பேர் காலில் விழுந்து ஆசி வாங்குகிற நாள். அவர்களுக்குப் பழக்கமே இல்லாத சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனது யாருடைய ஆசைக்கு?

பீளமேட்டுக்காரன்:
அக்கா, ஹோமம், இலைச்சாப்பாடு எல்லாம் முந்தின நாள் கோவையிலேயே முடிந்தது. இது எங்கப்பா கேட்டது. சின்ன வயசில் அம்மாவோடு மலை ரயிலில் குன்னூர் வந்தாராம், அதனால் திரும்ப வர வேண்டும் என்றார். சூப்பு காய்கறிச் சாறுதான், கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம். சீஸ் விஷயத்திலும் நம் நாட்டுக் கம்பெனிகள் நுண்ணுயிரி ரென்னெட்டில் செய்கிற சீஸ் பச்சைப் புள்ளியோடு கடையில் கிடைக்கிறது, அதைப் போட்டிருக்கலாமே? நீலகிரியிலேயே சீஸ் செய்கிற பண்ணை இருக்கிறது. மனசு இருந்தால் போட்டிருப்பார்கள். என் குடும்பத்தை இழுக்காதீர்கள்.

குன்னூர் மலைவாசி:
பச்சைப் புள்ளி சீஸ், சிவப்புப் புள்ளி சீஸ், எதுவும் கிடையாது. தோஃபினுவாவில் சீஸ் கிடையாது. எத்தனை முறை சொல்வது? மெனுவில் “சீஸ்” என்ற சொல் எங்கேயாவது இருந்ததா? இல்லை. அப்படியானால் ஏமாற்று எங்கே? சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது வழக்கமாகிவிட்டது. சீசனில் இ-பாஸ் வாங்கிக்கொண்டு வந்து பர்லியாரிலிருந்து குன்னூர் வரை வண்டியை வரிசையாக நிறுத்துவார்கள், எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேர இருட்டிவிடும், அதை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். மேலே வந்தால் கோவையில் கிடைக்கிறது எல்லாம் கோவையில் கிடைக்கிற மாதிரியே வேண்டும் என்பார்கள். அதற்குக் கோவையிலேயே இருந்திருக்கலாம்.

பீளமேட்டுக்காரன்:
இதுதான் வேண்டும். “கோவையிலேயே இரு” என்று சொல்லிவிட்டு எங்கள் பணத்தில்தான் உங்கள் ஊர்க் கடை, லாட்ஜ், டாக்ஸி எல்லாம் ஓடுகிறது. வர்க்கி பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் என்னைச் “சமவெளி நாக்கு” என்று எழுதினீர்கள், நான் மறக்கவில்லை. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி. போக 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். எடுக்கச் சொன்னதற்குப் பெரிய குடும்பம் என்றால் கட்டாயம் என்றார்கள். இதுவும் தோஃபினே மலைக்காரர்களின் பழக்கமா?

புதுவை வெள்ளைத்தெரு:
அது தப்பு. 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். சட்டத்தை மதிக்காதவர்கள் எஸ்கோஃபியேவை மதிக்காததில் ஆச்சரியம் இல்லை.

குன்னூர் மலைவாசி:
சர்வீஸ் சார்ஜ் வேறு, சீஸ் வேறு. சர்வீஸ் சார்ஜுக்குத் தாராளமாகப் புகார் கொடுங்கள், நான் தடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் நீங்கள் தலைப்பில் எழுதியது “சீஸ் கூடப் போடாத பிரெஞ்சு ஓட்டல்” என்று. தலைப்பை மாற்றுங்கள். வெள்ளைத்தெருக்காரரே, நீங்கள் எஸ்கோஃபியே எஸ்கோஃபியே என்கிறீர்கள், அவர் முட்டையும்தான் சொல்லியிருக்கிறார். சைவக் குடும்பத்துக்கு அதையும் போட்டுக் கொடுத்திருக்க வேண்டுமா? உங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். இன்றைக்கும் தோஃபினேயில் இருக்கிற கிரெனோபிள் நகரத்துப் பக்கம் பெரியவர்களிடம் சீஸ் போட்ட கிராத்தனைத் தோஃபினுவா என்று கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள்.

புதுவை வெள்ளைத்தெரு:
நீங்கள் கிரெனோபிள் போயிருக்கிறீர்களா?

குன்னூர் மலைவாசி:
நான் வேலை பார்த்த சமையலறையின் செஃப் அந்த ஊர்க்காரர். போதுமா? சீஸ் டப்பாவைக் கையில் எடுத்த பையனை அன்றைக்கு வெளியே நிற்க வைத்தார்.

கோத்தகிரி அக்கா:
சமையலறையில் வேலை செய்கிற பிள்ளையை வெளியே நிற்க வைத்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்களா? சீஸுக்காகவா? எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

பீளமேட்டுக்காரன்:
அப்படிப் போடுங்கள் அக்கா. தலைப்பை மாற்ற மாட்டேன். சீஸ் இல்லை, அது இல்லாததுதான். கடைசியில் வந்த க்ரெம் ப்ரூலே இனிப்பு நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தேன், அதை யாரும் படிக்கவில்லை. பில்லை நாளைக்குப் போடுகிறேன், எல்லோரும் பாருங்கள்.

குன்னூர் மலைவாசி:
போடுங்கள். அதிலும் தோஃபினுவா என்றுதான் அச்சாகியிருக்கும்.

முத்தோரை விவசாயி:
பில்லில் கிழங்கு எந்த ஊர் என்று இருக்காது. அந்த ஓட்டலுக்கு யார் கிழங்கு போடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். இந்தப் போகத்தில் எங்கள் மூட்டைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நானும் போடுகிறேன்.