தாலி கட்டும் நேரத்துப் படம் மட்டும் ஏன் கைநழுவிப் போகிறது?

காவிரிக்கரை:
வணக்கம் நண்பர்களே. போன மாதம் கூடப் படித்தவன் கல்யாணத்தில் நாலு மணி நேரம் கேமராவும் கையுமாக நின்றேன். மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. தாலி கட்டும்போது எடுத்தது பதினொரு படம், ஒன்றுகூடத் தேறவில்லை. மூன்றில் அட்சதை போட வந்த யாரோ ஒருவரின் கை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நாலில் பின்னால் கட்டியிருந்த வாழைமரம் துல்லியம், பெண்ணின் முகம் மங்கல். மீதியில் மாப்பிள்ளை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தே விட்டார். ஆவணியில் சித்தி பெண்ணுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். ஆர்டர் எடுத்த போட்டோகிராபர் தனியாக வருகிறார், ஆனாலும் "தாலி கட்டுற படம் நீ எடுத்ததா ஒண்ணு எனக்கு வேணும்ணா" என்று கேட்டிருக்கிறாள். இன்னொரு முறை தவறவிட மனசு வராது. என்னிடம் இருப்பது கேனான் 200டி, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ். ஃபோகஸ் புள்ளி ஒன்பதையும் திறந்துவிட்டு 1.8-இலேயே எடுத்தேன். என்ன தப்பு செய்கிறேன்?

மண்டபவெளிச்சம்:
தம்பி, பாதித் தப்பு லென்ஸை முழுசாகத் திறந்து வைக்கும் அந்த 1.8-இல் இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று உங்கள் கேமராவில் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண் அளவுதான். பெண்ணின் முகம் முன்னால், முடிச்சுப் போடும் விரல்கள் கழுத்துக்குப் பின்னால், இரண்டும் ஒருசேர எப்படி வரும்? திறப்பைக் குறைத்து 4-க்குப் போங்கள், ஏறக்குறைய ஒரு சாண் கிடைக்கும். ஒன்பது புள்ளியையும் திறந்து வைத்தால் கேமரா பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் கிட்டத்தில் இருப்பது அட்சதைக் கைதான். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வையுங்கள். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்க ஸ்டார் பட்டனுக்கு மாற்றிவிட்டு, பெண்ணின் கண்ணில் ஒருமுறை பிடித்தபின் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். அப்புறம் எத்தனை கை குறுக்கே வந்தாலும் ஃபோகஸ் நகராது, நீங்களும் அவளும் இடம் மாறாமல் இருந்தால் போதும்.

ஃபிளாஷோடு 200டியின் ஷட்டர் வேகம் சாதாரணமாக 1/200 நொடிக்கு மேல் போகாது, அதுவே போதும். ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றிக்கொண்டால் ஃபிளாஷ் முழு பலத்தில் அடிக்க வேண்டியிருக்காது, அடுத்த படத்துக்குச் சீக்கிரம் தயாராகும். முழு பலத்தில் அடித்துவிட்டு அது மறுபடி ஏறும்வரை காத்திருக்கும் இரண்டு மூன்று நொடியில் முதல் முடிச்சு முடிந்துவிடும். இன்னொன்று, கேமரா பதப்படுத்தாத பெரிய கோப்பான ரா வடிவில் பட்டனை அழுத்திப் பிடித்தே இருந்தால் ஒன்றரை நொடிக்குள் கேமரா திணற ஆரம்பிக்கும். இரண்டு மூன்றாக விட்டுவிட்டு எடுங்கள்.

செம்பருத்தி:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் செட்டிங் மட்டும் மாற்றினால் இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள். கண் பார்த்து விரல் அழுத்த ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும், அதனால் பார்த்தபின் அழுத்தினால் எடுத்தது அதற்கு அடுத்த கணமாகத்தான் இருக்கும். கல்யாணத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி, அந்தக் கணம் சொல்லிவிட்டு வருகிறது. பெண் கூரைப்புடவை மாற்றி வந்து உட்காருவாள், தாலித் தட்டு ஆசிக்காகச் சபையைச் சுற்றும், அட்சதை கைக்குக் கை போகும். அந்தத் தட்டு இறங்கிப் போகும்போதே கார்டு, பேட்டரி பார்த்துவிட்டு உங்கள் இடத்துக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் ஐயரின் கையைப் பாருங்கள். அவர் நாயனக்காரர் பக்கம் திரும்பி விரலை ஆட்டுவார், "கெட்டிமேளம்" என்பார். அங்கேயே மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அழுத்தாதீர்கள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாலியை எடுத்துக் குனியும்போது முதல் படம்.

நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள். பல வீடுகளில் மற்ற இரண்டு முடிச்சும் அவர் போடுவதுதான், சரியாக உங்கள் லென்ஸுக்கு முன்னால் வந்து குனிவார். ஆர்டர் எடுத்தவரிடமும் முதல் நாள் மாலையே பேசி விடுங்கள், அவர் நேர் எதிரில் என்றால் நீங்கள் பக்கவாட்டில். அது அவருடைய வேலை, அவரை மறைக்கக் கூடாது. 1932-இல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை பிரெஞ்சு போட்டோகிராபர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள், குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்தது அது. அவருக்கு வாய்த்தது முன்பின் தெரியாத ஆள். நமக்கு முகூர்த்த நேரமே பத்திரிகையில் அச்சாகி வருகிறது.

காவிரிக்கரை:
அக்கா, தாலித் தட்டை அந்தக் கண்ணோடு நான் பார்த்ததே இல்லை, ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்திருக்கிறது. கேமராவில் பழுதா?

மண்டபவெளிச்சம்:
பழுதில்லை. மேடை எல்இடி விளக்குகள்தான். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை அணைந்து எரியும். ஃபிளாஷ் இல்லாதபோது ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வையுங்கள், பெரும்பாலும் பட்டை போய்விடும். அட்சதை கொஞ்சம் கோடாக விழும், எனக்கு அது பிடிக்கும்.

ஆடிப்பெருக்கு:
நான் ஒன்று சொல்லலாமா. என் தங்கை கல்யாணத்தில் மூன்று முடிச்சையும் ஒழுங்காக எடுத்தேன், இன்றுவரை வீட்டில் யாரும் அந்தப் படங்களைக் கேட்டதில்லை. மேளம் நின்றபின் கேமராவைச் சும்மா வலப்பக்கம் திருப்பினேன். அப்பா கையில் போடாத அட்சதை அப்படியே இருந்தது, விரல் இடுக்கில் மஞ்சள். போட மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலில் மாட்டியிருப்பது அதுதான். எல்லோருடைய கேமராவும் கழுத்தைப் பார்க்கும், முடிச்சு முடிந்ததும் உங்கள் சித்தி முகத்தை ஒரு தடவை பாருங்கள்.

காவிரிக்கரை:
சித்தியிடம் இன்றைக்கே பேசினேன். நாத்தனார் இடப்பக்கமாம், சித்தி வலப்பக்கத் தூணை ஒட்டி நிற்பாராம். நான் இடப்பக்கப் படியில் உட்காருவதாக முடிவு செய்திருக்கிறேன், அங்கிருந்து நாத்தனார் தலைக்குக் கீழாகப் பெண்ணின் முகமும் அதற்குப் பின்னால் சித்தியும் தெரிய வேண்டும். முதல் நாள் மாலை யாரையாவது மணையில் உட்கார வைத்துப் பார்த்துவிடுகிறேன். கல்யாணம் முடிந்ததும் படங்களை இங்கேயே போடுகிறேன்.