யேல் நிறுவனத்தை மூடியது அந்தக் கடிதமா?

நூலகவாசி:
அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் யூத வெறுப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கடிதத்துக்குப் பயந்துதான் மூடப்பட்டது என்று சொல்லும் கட்டுரையை இங்கே ஒருவர் பகிர்ந்திருக்கிறார். கீழே வரிசையாகப் பாராட்டு வேறு. யாராவது தேதியைப் பார்த்தீர்களா? சார்லஸ் ஸ்மால் தலைமையில் அந்த நிறுவனம் 2006இல் தொடங்கியது. 2010 ஆகஸ்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பேசிய மாநாட்டை நடத்தியது. அதில் அரபு மக்களையும் பாலஸ்தீனர்களையும் இழிவுபடுத்தினார்கள் என்று, வாஷிங்டனில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பிரதிநிதியாக இருந்த மாயன் அரீகாத், யேலின் தலைவர் ரிச்சர்ட் லெவினுக்குக் கடிதம் எழுதினார். மூடும் அறிவிப்பு வந்தது 2011 ஜூனில். நடுவில் ஒன்பது மாதங்கள். நடுங்கிப்போனவர்கள் ஒன்பது மாதம் காத்திருப்பார்களா?

வைகைக்கரையான்:
'ஒருவர்' என்று ஒளித்துப் பேச வேண்டாம், ஐயா. பகிர்ந்தவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம்.
பல்கலைக்கழகங்கள் நடக்கும் விதம் தெரிந்த எவருக்கும் ஒன்பது மாதம் பெரிய காலம் இல்லை. குழு போடுவார்கள், கூட்டம் போடுவார்கள், பிறகு கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போனதும் அறிவிப்பார்கள். நான்கு ஆண்டுகள் நன்றாக ஓடிய நிறுவனம், கடிதம் வந்த கல்வியாண்டிலேயே தரம் கெட்டுப்போய்விட்டதா? அமெரிக்காவின் யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த வால்டர் ரைக் அப்போதே இந்த முடிவை எதிர்த்து எழுதினார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

நூலகவாசி:
வால்டர் ரைக் அதே நிறுவனத்தின் ஆலோசகர் குழுவில் இருந்தவர். இதைச் சொல்லாமல் அவரை நடுநிலைச் சாட்சிபோல நிறுத்துகிறீர்கள்.
கடிதத்துக்கு வருகிறேன். ஸ்மாலின் நிறுவனம் யேலின் சமூக, கொள்கை ஆய்வு அமைப்பின் கீழ் இருந்தது. அங்கே புதிய திட்டங்களைச் சில ஆண்டுகள் கழித்துப் பேராசிரியர் குழு மதிப்பிடும். 2006இல் தொடங்கியதை 2010-11இல் மதிப்பிட்டார்கள். இதற்குக் கடிதம் எதற்கு? ஆய்விலும் கற்பித்தலிலும் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்று அந்த அமைப்பின் இயக்குநர் டொனால்ட் கிரீன் காரணம் சொல்லியிருக்கிறார். முன்னணி இதழ்களில் கட்டுரைகள் குறைவு, பாடத்துக்கு வந்த மாணவர்களும் குறைவு.

செம்பருத்தி:
இருவரையும் கேட்கிறேன். அந்த நிறுவனம் எதை யூத வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது? அதைப் பேசாமல் தரத்தை எப்படி அளப்பது? இஸ்ரேல் மீதான விமர்சனம் எந்த இடத்தில் யூதர்கள் மீதான வெறுப்பாகிறது என்பதில்தான் இந்தத் துறையே இரண்டுபட்டு நிற்கிறது. 2005இல், இனவெறியைக் கண்காணிக்கும் ஐரோப்பிய மையம், இஸ்ரேல் பற்றிய சில பேச்சுகளையும் யூத வெறுப்பின் எடுத்துக்காட்டாகச் சேர்த்து ஒரு வரையறையை வெளியிட்டது. பன்னாட்டு யூத இன அழிப்பு நினைவுக் கூட்டணி 2016இல் புக்கரெஸ்டில் ஏற்றுக்கொண்டது அதிலிருந்து வந்ததுதான். அதை மறுத்து 2021இல் எருசலேம் பிரகடனம் என்ற மாற்று வரையறை வந்தது. 2005 வரைவை எழுதியவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். இதில் நீங்கள் எந்தப் பக்கம்?

வைகைக்கரையான்:
செம்பருத்தி அம்மா, அது பிறகு. முதலில் இவர் 'கட்டுரைகள் குறைவு' என்றாரே, அதற்குப் பதில் சொல்கிறேன். எட்வர்ட் கப்லானும் ஸ்மாலும் சேர்ந்து, 10 ஐரோப்பிய நாடுகளில் 5,000 பேரிடம் எடுத்த கணிப்பை வைத்து, இஸ்ரேல் மீதான கடும் எதிர்ப்பு உள்ளவர்களிடம் யூத வெறுப்பும் கூடுதலாக இருக்கிறது என்று காட்டினார்கள். சண்டை, சமரசம் பற்றிய ஆய்வுகளுக்கு நல்ல பெயர் பெற்ற இதழில் வந்த கட்டுரை அது. கப்லான் யேலின் பேராசிரியர். இதுவா தரம் இல்லாதது?

நூலகவாசி:
எந்த ஆண்டு வந்தது? சொல்ல மாட்டீர்கள். 2006. நிறுவனம் தொடங்கிய ஆண்டு. அதற்குப் பிறகு வந்தவற்றைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். கடிதம் வந்தது 2010இல், கட்டுரை 2006இல். ஆண்டுகளை மறைத்துப் பேசுவது உங்களுக்குப் புதிதல்ல. பொது நூலக நிதி பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

வைகைக்கரையான்:
பொது நூலக விவாதத்தில் பாதியில் எழுந்து போனது யார் என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

தெற்குவாசல்:
எதற்கு இவ்வளவு நீளம்? பணம் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும்.

செம்பருத்தி:
தெற்குவாசல், எந்த ஆய்வு மையத்துக்கும் யார் நிதி தருகிறார்கள் என்று பெயரும் தொகையும் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. யூதர் தொடர்பான விஷயம் என்றதும் 'பணம்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறீர்கள். இந்தத் துறை நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் போய் ஆராய்வதே, யூதர்கள் பணத்தால் எல்லாவற்றையும் ஆட்டுகிறார்கள் என்ற இந்தப் பழியைத்தான். கப்லான், ஸ்மால் பயன்படுத்திய கணிப்பிலும் யூதர்களுக்கு வணிகத்தில் அளவுக்கு மீறிய அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வி உண்டு. ஆமாம் என்பவரின் கணக்கில் அது வெறுப்பின் அடையாளமாகச் சேரும்.

தெற்குவாசல்:
நிதி பற்றிக் கேட்டாலே முத்திரையா? பிறகு யாரும் எதையும் கேட்க முடியாது.

நூலகவாசி:
தெற்குவாசலுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், அம்மா. நிதி நின்று போனதால் மூடினார்கள் என்று யேல் சொல்லவே இல்லை.
வைகையாருக்கு ஒன்று. டெபோரா லிப்ஸ்டாட்டைத் தெரியுமா? யூத இன அழிப்பை மறுத்த டேவிட் இர்விங் தொடுத்த அவதூறு வழக்கை 2000இல் லண்டன் நீதிமன்றத்தில் வென்றவர். யூதர்கள் மீது அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல உங்களுக்கே வாய் வராது. நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் சில முயற்சிகள் ஆய்வை விட்டுப் பிரசாரத்தின் பக்கம் நகர்ந்ததாக நிறுவனத்தின் நலம் விரும்பிகளே எச்சரித்திருந்தார்கள் என்று அவர் எழுதினார். கடிதத்தைப் பார்த்து அவரும் நடுங்கினாரா?

வைகைக்கரையான்:
லிப்ஸ்டாட் யேலில் வேலை பார்த்தவர் அல்லர். வெளியில் இருந்தவராக எழுதினார். நான் கேட்பது எளிய கேள்வி: மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையை யேல் முழுமையாக வெளியில் வைத்ததா? தரம்தான் காரணம் என்றால் காட்டுவதில் என்ன கூச்சம்? அதைக் காட்டும்வரை கடிதம்தான் காரணம் என்பேன்.

மணல்மேடு:
பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1982 முதல் யூத வெறுப்பு ஆய்வு மையம் இருக்கிறது. 2008 டிசம்பரில், வோல்ஃப்காங் பென்ஸ் அதன் தலைவராக இருந்தபோது, முஸ்லிம்களைப் பகைவராகக் காட்டும் படிமத்தையும் யூதர்களைப் பகைவராகக் காட்டிய படிமத்தையும் ஒப்பிட்டு ஒரு மாநாடு நடத்தினார்கள். யூதர்கள் பட்டதைச் சிறுமைப்படுத்துகிறீர்கள் என்று கடும் கண்டனம் எழுந்தது. மையத்தை யாரும் மூடவில்லை. பென்ஸ் 2011 வரை தலைவராகவே இருந்தார். கண்டனம் வந்தால் மூடிவிடுவார்கள் என்பது பொய்.

வைகைக்கரையான்:
நல்ல உதாரணம் கொண்டுவந்தீர்கள்! இஸ்லாமிய வெறுப்பைச் சேர்த்துப் பேசிய மையம் பிழைத்தது. ஈரானிய அரசின் யூத வெறுப்பைப் பேசிய யேல் நிறுவனம் செத்தது. எனக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள்.

மணல்மேடு:
நான் சொன்னதைத் திருப்பிப் போடாதீர்கள். ஒப்பிடுவது ஆய்வின் அடிப்படை வேலை. இரண்டு வெறுப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று சொன்னதாக ஆகிவிடாது.

நூலகவாசி:
பெர்லினுக்கு ஓடி ஒளிய விட மாட்டேன். யேலில் யூத வெறுப்பு ஆய்வு செத்ததா? மூடும் அறிவிப்பு வந்த அதே மாதத்தில், மோரிஸ் சாமுவேல்ஸ் தலைமையில் புதிய ஆய்வுத் திட்டத்தை யேல் அறிவித்தது. பழங்காலம், இக்காலம் இரண்டையும் ஆராய்வோம் என்றார்கள். கடிதத்துக்குப் பயந்த பல்கலைக்கழகம் அதே துறையை அதே மாதத்தில் ஏன் மீண்டும் திறக்க வேண்டும்?

வைகைக்கரையான்:
சாமுவேல்ஸ் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர். 1894இல் பொய்யான தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதான பிரெஞ்சு யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் பற்றி எவ்வளவு பேசினாலும் இன்று எந்த அரசின் பிரதிநிதியும் கடிதம் எழுத மாட்டார். நிகழ்காலத்தை எடுத்துவிட்டுக் கடந்தகாலத்தை வைத்தார்கள். மறுபடியும் திறந்ததே கடிதம் வேலை செய்தது என்பதற்கு அத்தாட்சி.

நூலகவாசி:
மூடினாலும் கடிதம், திறந்தாலும் கடிதம்! எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால்? அதற்கும் கடிதம்தான் காரணம் என்பீர்கள். டிரைஃபஸ் விவகாரத்தில் பாரிஸ் தெருக்களில் யூதர்களைக் கொல்லு என்று கூச்சலிட்டவர்களைப் படிக்காமல் இன்றைய வெறுப்பை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? இலக்கியப் பேராசிரியர் என்றால் இளக்காரமா?

செம்பருத்தி:
நான் கேட்ட கேள்விக்கு இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த வரையறை?

வைகைக்கரையான்:
இளக்காரம் என்று நான் எழுதவே இல்லை. எழுதாததைப் படிப்பதும் நூலக விவாதத்திலிருந்து வரும் பழக்கம்தான். அறிக்கை எங்கே? அதைச் சொல்லுங்கள்.

நூலகவாசி:
மாநாடு 2010 ஆகஸ்ட். அறிவிப்பு 2011 ஜூன். நடுவில் ஒரு முழு மதிப்பீடு. கடிதம்தான் மூடியது என்று சொல்பவர் நீங்கள். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியவரும் நீங்கள்தான். நாளைக்கும் இதையே கேட்பேன்.

வைகைக்கரையான்:
கேளுங்கள். நாளைக்கும் நான் அறிக்கையைத்தான் கேட்பேன்.