வீட்டு மீட்டர் முதலா, டிரான்ஸ்ஃபார்மர் மீட்டர் முதலா? ஸ்மார்ட் கிரிட் செலவு தேறுமா?

தெருவிளக்கு:
மின் விநியோகத்தைச் சீரமைக்க 2021-ல் வந்த மத்திய அரசின் ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்தில் ஸ்மார்ட் மீட்டருக்கு (ரீடிங்கைத் தானே அனுப்பும் மீட்டர்) மானியம் (தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு) விலையில் 15 சதவீதம், உச்சம் 900 ரூபாய். மிச்சம் மாதத் தவணை. இங்கே 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கினார்கள். அதற்குள்ளேயே நிற்கிற வீட்டில் மீட்டரை மாற்றி என்ன வரும்? செலவுக்குத் தக்க பலன் எங்கே? கணக்கோடு சொல்லுங்கள்.

ஃபீடர்காரன்:
மீட்டரை விடுங்க சார், முதலில் துணைமின் நிலையத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு வரும் லைனை, அதாவது 11 கே.வி. ஃபீடரைப் பாருங்கள். இப்போது ஃபால்ட் வந்தால் துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழும், மொத்த ஏரியாவும் இருட்டு. லைன்மேன் ஒவ்வொரு ஸ்விட்சாகத் திறந்து (லைனைப் பிரித்து) சார்ஜ் செய்து, அதாவது கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஃபால்ட் இண்டிகேட்டரும் (கோளாறு கரண்ட் கடந்தால் மின்னும் விளக்கு) மோட்டார் வைத்த ஆர்.எம்.யு.வும் (லைனைப் பிரித்துச் சேர்க்கும் ஸ்விட்ச் பெட்டி) இருந்தால், கடைசியாக மின்னிய இண்டிகேட்டருக்கும் மின்னாத முதல் இண்டிகேட்டருக்கும் நடுவில்தான் கோளாறு. இரு பக்கமும் திறந்து, பின்பாதியைப் பக்கத்து ஃபீடரிலிருந்து கொடுத்துவிடலாம்.

அந்தப் பக்கத்து ஃபீடரே மாலையில் முழு லோடில் ஓடினால்? மாற்ற முடியாது, போட்ட பணம் தண்டம். ஆட்டோமேஷனுக்கு முன்னால் அங்கே இடம் இருக்கிறதா என்று பார்க்கணும். அடுத்தது ஆர்.எம்.யு. பேட்டரி. அது செத்திருந்தால் கண்ட்ரோல் ரூமில் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் அசையாது.

கிராமத்து ஓவர்ஹெட் லைனுக்கு ஆட்டோ ரீக்ளோசர் (விழுந்த லைனைத் தானே திரும்பச் சேர்க்கும் ஸ்விட்ச்) போதும். கிளை உரசி வரும் ஃபால்ட் தானே விலகிவிடும். முழுக்க நிலத்தடி கேபிள் என்றால் ரீக்ளோஸ் வேண்டவே வேண்டாம். கேபிள் ஃபால்ட் தானாகச் சரியாகாது, திரும்பச் சார்ஜ் செய்தால் இன்னும் எரியும்.

யூனிட்கணக்கு:
அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர் மீட்டர். பேச்சுக்கு ஒரு கணக்கு: மாதம் 18,000 யூனிட் இறங்குகிறது, பில்லானது 15,300. 2,700 யூனிட் காணோம், அதாவது 15 சதவீதம். அதில் 1,800-ஐ மீட்டால் யூனிட் 7 ரூபாய் வீதம் 12,600. அதே டிரான்ஸ்ஃபார்மரில் 120 வீட்டுக்கும் மாதம் 100 ரூபாய் மீட்டர் தவணை என்றால் 12,000 போய்விடும். ஆக ஃபீடர், டிரான்ஸ்ஃபார்மர், கடை, தொழிற்சாலை முதலில். சின்ன வீடுகள் கடைசியில்.

ஆனால் தப்பான டேட்டா திருடனைக் காட்டாது, அப்பாவியைக் காட்டும். பெரிய கரண்டை மீட்டருக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்கும் கருவி சி.டி.; 200/5 சி.டி. என்றால் மீட்டர் ரீடிங்கை 40-ஆல் பெருக்கணும். யாராவது 150/5 என்று 30 போட்டால் கால்வாசி யூனிட் மாயம். ஒரு ஃபேஸ் சி.டி. தலைகீழாக இணைந்திருந்தால், லோடு சமமாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகும். எந்த வீடு எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற பட்டியலையும் நேரில் போய்ச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

சோலார்கூரை:
யூனிட்கணக்கு சொன்ன வரிசை சரி, ஆனால் வீட்டு மீட்டரைக் கடைசி வரை தள்ளக் கூடாது. மொட்டைமாடி சோலார் பெருகிய தெருவில் மதியம் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் டிரிப் ஆகும். எந்த வீட்டில் எவ்வளவு என்று வீட்டு மீட்டர்தான் சொல்லும். நேரவாரிக் கட்டணமும் அது இல்லாமல் நடக்காது. 2023 மத்திய விதிப்படி சூரியஒளி நேரக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்வாக இருக்கணும்.

தெருவிளக்கு:
மாற்றியதும் பில் எகிறுது என்கிறார்களே?

சோலார்கூரை:
பல இடத்தில் மாடி சர்வீஸ் நியூட்ரலும் கீழ் சர்வீஸ் நியூட்ரலும் ஒரே லிங்கில் (நியூட்ரல் கம்பிகள் சேரும் பட்டை) கலந்திருக்கும். புது மீட்டர் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் எதில் ஆம்பியர் அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். மாடியின் ஃபேஸ் எம்.சி.பி.யை மட்டும் இறக்குங்கள் (டபுள் போல் இறக்கினால் நியூட்ரலும் அறுந்துவிடும், ஒன்றும் தெரியாது). அப்புறமும் மாடி மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னினால் நியூட்ரல் கலப்புதான்.

மீட்டர் மேலேயே சந்தேகமா? மேலே 3200 இம்ப் (யூனிட்டுக்கு 3200 மின்னல்) என்று இருந்தால், மற்றதெல்லாம் அணைத்து 1000 வாட் ஹீட்டரை 3 நிமிடம் ஓட்டுங்கள்: 160 மின்னல் வரணும். வோல்டேஜ் 230-லிருந்து 210-க்கு இறங்கியிருந்தால் 133 பக்கம்தான் வரும், அதை மீட்டர் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.